ஒரு முழுச் சட்டை

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்புள்ள வலக்கைக்கு,

இடக்கை எழுதுகிறேன். நானும் அவரும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. உன் கடிதமே சொல்லிவிட்டது. மொத்தம் எட்டு வரி, அதில் இரண்டு வரி முகவரி.

போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ ம் கொட்டியே என்னைக் கழற்றிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. நான் திட்டுகிற நேரம் பார்த்து, பேத்தி கூப்பிடுகிறாள் என்று எழுந்து போகவும் முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன தடவை போனை எடுத்த உன் மருமகள், எங்க அத்தையை ஏன் வலக்கைன்னு கூப்பிடுறீங்க என்று கேட்டாள். நீ சொல்லவே இல்லையா? மூன்று வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். அவளும் இதைப் படிக்கட்டும். கேட்டுக்கொள் அம்மா, சட்டைத் தொழிற்சாலையில் யாரும் சட்டை தைப்பதில்லை. ஒருத்தி காலர் தைப்பாள், ஒருத்தி பாக்கெட், ஒருத்தி தோள். லைனில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற முப்பத்திரண்டு பேர் கைமாறித்தான் ஒரு சட்டை சட்டையாகும். முழுக்கைச் சட்டையில் மணிக்கட்டுக்கு மேலே ஒரு திறப்பு இருக்கும், அதன் இரண்டு ஓரத்திலும் பெரிதும் சிறிதுமாகப் பட்டி வைத்துத் தைத்திருக்கும். அந்தப் பட்டி இடது கைக்கு நான், வலது கைக்கு உன் அத்தை. பத்தொன்பது வருஷம் எதிரெதிரே உட்கார்ந்தோம். நடுவில் தைத்த பீஸைப் போடுகிற தகரத் தொட்டி. நாளைக்கு நானூற்று எண்பது இடது கை நான் போடுவேன், நானூற்று எண்பது வலது கை அவள் போடுவாள். எங்கள் சொந்தப் பெயர் லைனில் பாதிப் பேருக்குத் தெரியாது.

சரி, இனி உன்னிடம்தான் பேச்சு. மகன் ஒரு குறையும் வைக்கவில்லை, மருமகள் தங்கம், பேத்தி பள்ளிக்கூடம் போய்விடுகிறாள், எழுந்ததிலிருந்து எப்போது சாயங்காலம் ஆகும் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரு வரி. நம்ம வயசுக்கு இனிமே ஆசைப்பட என்ன இருக்கு என்று. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரிடம் நீட்டினேன். பாவம் என்றார். எனக்குப் பாவமாக இல்லை, கோபமாக இருந்தது. குளித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். அப்போது பயமாக இருந்தது. நீ ஜன்னலைப் பார்த்து உட்காருகிற ஆள் இல்லை. மழை பெய்தால்கூட நிமிர்ந்து பார்க்காமல், துணி காயப் போட்டிருக்கேன் என்று முனகிக்கொண்டே தைக்கிற ஆள்.

ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நீ கேட்டாய். இத்தனை வருஷத்துல எத்தனை லட்சம் கை தச்சிருப்போம், ஒரு சட்டை தச்சிருக்கோமா என்று. இரண்டு பேரும் புரையேறுகிற மாதிரி சிரித்தோம். சிரித்து முடித்ததும் உன் முகம் மாறிவிட்டது. வேலையை விடறதுக்குள்ள ஒரு முழுச் சட்டை தைக்கணும், வெட்டறதுலேர்ந்து பட்டன் வரைக்கும் நம்ம கையாலயே என்றாய். சொன்னதோடு நிற்காமல் பழைய கால்மெஷின் ஒன்றும் வாங்கிப் போட்டாய். அப்புறம் உன் வீட்டில் ஒரு பிரச்சினை, என் வீட்டில் ஒரு பிரச்சினை, நாள் ஓடிவிட்டது. மகன் கூப்பிட்டதும் நீ கிளம்பினாய். மெஷின் என் வீட்டுக்கு வந்தது. மூன்று வருஷமாக அதன் மேல் இஸ்திரி போட வேண்டிய துணியைக் குவித்து வைத்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அது மெஷின் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

உன் கடிதம் வந்த அன்றைக்கு அந்தத் துணி மூட்டையை இறக்கிவைத்தேன். எண்ணெய் விட்டேன். பெல்ட்டை மாற்றினேன். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் நாலு மாசம் இருக்கிறது. கடைசி நாளுக்குள் ஒரு முழுச் சட்டை தைத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

யாருக்கு என்று கேட்பாய். அவருக்குத்தான். முப்பத்தொரு வருஷம் தபால் பையைச் சுமந்ததில் அவருடைய வலது தோள் ஒரு விரல் அளவுக்கு மேலேயே இறங்கிவிட்டது. நாம் தைத்து அனுப்புகிற சட்டையெல்லாம் இரண்டு தோளும் சமமாக இருக்கிறவர்களுக்கு. இவர் எதைப் போட்டாலும் காலர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். கல்யாண போட்டோவில் மட்டும்தான் மனுஷன் நேராக இருக்கிறார்.

இப்போது எனக்குத் தெரிந்தது இடது கைப் பட்டி ஒன்றுதான். மீதி எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும். சாப்பாட்டு வேளையில் ஐந்து நிமிஷத்தில் வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மெஷினாகப் போய் நிற்கிறேன். காலர்க்காரி முதலில், இந்த வயசுல எதுக்குக்கா உங்களுக்கு இந்த வேலை என்றாள். நீ எழுதிய அதே வார்த்தை. இந்த வயசுலதான் கேக்க வெக்கமில்லை என்றேன். சிரித்துக்கொண்டே முனை திருப்பக் கற்றுக்கொடுத்தாள். எந்த வாரம் எது என்று அவர் ஒரு தாளில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவிட்டார். தினமும் காலையில் அதன் முன் நின்று தபால் பிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, இந்த வாரம் காலர், பாக்கி எட்டு என்று வாசிக்கிறார்.

ஒன்று சொல்லட்டுமா. நான் இப்போது அலாரம் அடிப்பதற்கு முன்னாலேயே எழுந்துவிடுகிறேன். முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் அதைப் பற்றிப் பேச நேரம் இல்லை. காலர் முனை கூராக வந்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டே பல் தேய்க்கிறேன். சந்தோஷமாக இருக்கிறேன். உனக்குப் பொறாமை வரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பதில் போடு. எட்டு வரிக்கு மேல்.

உன்,
இடக்கை

*

புதன்கிழமை

அன்புள்ள வலக்கைக்கு,

உன் பதில் வந்தது. ஆறு வரி. நீ கெட்டிக்காரி, உன்னால் முடியும், உடம்பைப் பார்த்துக்கொள் என்று வாழ்த்து அட்டையில் அச்சடித்த மாதிரி. போகட்டும். கடைசியில், காலர் முனையை எதால் குத்தித் தள்ளினாய் என்று கேட்டிருந்தாய் அல்லவா? அந்த ஒரு கேள்விக்காக மீதியை மன்னித்தேன். பின்னல் ஊசியின் முனையால். கத்தரியால் குத்தி இரண்டு காலரை ஓட்டை போட்ட பிறகு கண்டுபிடித்தது.

இந்த வாரம் நடந்த கூத்தைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். நீ ஒருத்திதான் நம்புவாய்.

பன்னிரண்டு வாரம் ஆயிற்று. காலர் ஆயிற்று, தோள் ஆயிற்று. வலது தோளை இறக்கி வெட்டுவதற்கு மட்டும் பழைய செய்தித்தாளில் ஏழு தடவை வெட்டிப் பார்த்தேன். முன்பக்கம், பின்பக்கம், பாக்கெட் எல்லாம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கைக்கு வந்தேன். கை நம்ம தொழில். இதில் என்ன இருக்கிறது என்று ஒரு தெனாவெட்டு. தொழிற்சாலையில் கட்டிங் மேஜையில் துணியை எப்படி அடுக்குவார்கள்? எல்லாம் நல்ல பக்கம் மேலே. நானும் அப்படியே இரண்டு துண்டை நல்ல பக்கம் மேலே வைத்து அடுக்கி, ஒரே வெட்டில் இரண்டு கையையும் வெட்டினேன். உட்கார்ந்தேன். பட்டி வைத்தேன். விரல் தன்பாட்டுக்கு ஓடியது, நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு இருந்தேன். இரண்டு கையையும் உடம்போடு சேர்த்தேன். வலது பக்கம் கைக்குழியில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. நம்ம கைக்கு அடங்காமல் எங்கே போகும் என்று இழுத்துப் பிடித்துத் தைத்துவிட்டேன்.

அவரைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். இரண்டு மணிக்கட்டையும் மாறி மாறித் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஏம்மா, இந்தக் கையில மட்டும் பட்டி என் வயித்தைப் பாக்குதே என்றார்.

இரண்டும் இடது கை.

நீ இப்போது சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். சிரி. உலகத்தில் வேறு எந்தத் தையல்காரியும் செய்ய முடியாத தப்பு. இருபத்திரண்டு வருஷமாக என் முன்னால் வந்து விழுந்த ஒவ்வொரு கையும் இடது கை. கைக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதே என் விரலுக்குத் தெரியாது. அவர் பெருந்தன்மையாக, பரவால்ல, நான் ரெண்டு பக்கமும் இடதாவே இருந்துட்டுப் போறேன் என்றார். நான் வாங்கி மடித்து வைத்துவிட்டேன்.

அப்புறம் தப்புக் கையைப் பிரித்தெடுத்துவிட்டு, புதுத் துண்டைக் கவிழ்த்து வைத்துச் சரியாக வெட்டினேன். ஆனால் வலது பட்டி வரவில்லை. மூன்று தடவை வைத்தேன், மூன்று தடவையும் பிரித்தேன். பெரிய பட்டி எந்தப் பக்கம், சிறிய பட்டி எந்தப் பக்கம் என்று தலைக்குத் தெரிகிறது, விரல் கேட்க மாட்டேன் என்கிறது. உன் இடத்தில் இருக்கிற புதுப்பெண்ணைக் கேட்கலாமே என்பாய். கேட்டேன். அவள் மெஷினில் இப்போது ஒரு மடிப்புக் கருவி மாட்டியிருக்கிறார்கள். பட்டியை நுழைத்தால் அதுவே மடித்துக் கொடுக்கும். பாவம், அவள் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கையால் மடித்து வைக்கத் தெரிந்த ஒரே ஆள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அதனால் எழுது. முதலில் எதை மடிப்பாய், கட்டைவிரலை எங்கே வைப்பாய். படம் வேண்டுமானாலும் போடு. இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

உன்,
இடது இடக்கை

*

சனிக்கிழமை, காலை

அன்புள்ள வலக்கைக்கு,

நேற்றோடு என் வேலை முடிந்தது. சட்டையும் முடிந்தது. முதலில் இந்த இரண்டையும் சொல்லிவிடுகிறேன், உனக்கு நெஞ்சு பதைக்க வேண்டாம்.

உன்னிடமிருந்து பதிலே வரவில்லை. முதல் வாரம் தபால் தாமதம் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் அவரிடம், உங்க ஆளுங்க சரியா வேலை செய்யறாங்களா என்று சண்டை போட்டேன். மூன்றாவது வாரம் நீ எழுதப் போவதில்லை என்று புரிந்தது. வருத்தம்தான். ஆனால் நாள் நிற்கவில்லையே. சட்டை ஒற்றைக் கையோடு ஹாங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் சுவரைப் பார்த்து, பாக்கி ஒண்ணு என்று மட்டும் வாசித்துவிட்டு அவர் போய்விடுவார்.

ஒரு நாள் ஒரு யோசனை வந்தது. மெஷினுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், அவ இடத்துல சும்மா உட்காருங்க என்றேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பிறகு, உன் பிரெண்டு இவ்வளவு அமைதியாவா இருப்பா என்று கேட்டார். இல்லை. நீ வாயை மூடியதே கிடையாது. அதை நினைத்ததும் எல்லாம் வந்துவிட்டது. நீ பேசிக்கொண்டே பட்டியை மடிப்பாய், ஆனால் முனையைத் திருப்புகிற அந்த ஒரு நொடி மட்டும் பேச்சு நிற்கும். கீழுதட்டைக் கடிப்பாய். வலது கட்டைவிரலை உள்ளே நுழைத்து, நகத்தால் ஒரு கீறு கீறி, துணியைத் திருப்பாமல் உன் மணிக்கட்டைத் திருப்புவாய். பத்தொன்பது வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், பார்க்கிறோம் என்று தெரியாமலே. துணியைத் திருப்பிக்கொண்டே இருந்ததுதான் என் தப்பு. மணிக்கட்டைத் திருப்பினேன். பட்டி உட்கார்ந்துவிட்டது.

நான் கத்திய கத்தலில் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அவர் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றதைச் சொல்ல வேண்டும். காலர் கழுத்தைச் சுற்றி ஒரே மட்டமாக நின்றது. இரண்டு பக்கமும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் நேரா இருக்கேன் என்றார். கேள்வி மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நான் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. நின்று அழுதுவிட்டு வந்தேன்.

நேற்று கடைசி நாள். சாயங்காலம் பத்து நிமிஷம் லைனை நிறுத்தினார்கள். அவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைக் கூட்டிப்போக வந்திருந்தார். வாட்ச்மேன் உள்ளேயே விட்டுவிட்டான். காலர்க்காரி நேராக அவர் கழுத்துக்குத்தான் போனாள். மனுஷன் கூச்சத்தில் நெளிய, முனையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என் கை மாதிரியே இருக்குக்கா என்றாள். செக்கிங் பெண் தையலை எண்ணினாள், காஜாவைப் பிரித்துப் பார்த்தாள், ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டினாள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது. அப்போது நம்ம சூப்பர்வைசர் வந்தார். தெரியுமே, சாப்பிடும்போதுகூடப் பருக்கையை எண்ணுகிறவர். சட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இதுல நீங்க எது தச்சீங்க, இடது கையா என்று கேட்டார்.

எல்லாம் என்றேன்.

அவர் வாயிலிருந்து ஒரு எண்ணும் வரவில்லை. அத்தனை மெஷினும் நின்று, அந்தக் கூடத்தில் நான் கேட்ட முதல் அமைதி அதுதான். எனக்குப் பெருமையாக இருந்தது. அடக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை, வந்தாலும் சொல்லப் போவதில்லை. பிள்ளைகள் படித்து முடித்தபோது சந்தோஷப்பட்டேன், ஆனால் அது அவர்கள் படித்தது. இது நான். நானே நினைத்து, நானே கெடுத்து, நானே பிரித்து, நானே முடித்தது. ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒன்று இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் நான் உனக்குச் சொல்கிறேன்.

இனி உன் மருமகளைக் காட்டிக்கொடுக்கப் போகிறேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நீ பதில் போடாத நாலாவது வாரம் அவளுக்குப் போன் செய்தேன், நீ குளிக்கிற நேரமாகப் பார்த்து. அத்தை எப்படி இருக்காங்க என்று கேட்டேன். தாழ்ந்த குரலில் சொன்னாள். உங்க ரெண்டாவது லெட்டரைப் படிச்சுட்டு சத்தமா சிரிச்சாங்க ஆன்ட்டி, நாங்க எல்லாரும் ஓடி வந்து பாத்தோம் என்றாள். பிறகு, அதுலேர்ந்து சாப்பாட்டு மேஜைல கை துடைக்கிற காகிதம் ஒண்ணு விடறதில்லை, எதையோ மடிச்சு மடிச்சு நகத்தால கீறி வெச்சுடறாங்க, எடுத்துப் போட மனசு வரலை, ஒரு டப்பால சேத்து வெச்சிருக்கேன் என்றாள்.

எத்தனை இருக்கும் என்று கேட்டேன். நூறுக்கு மேல என்றாள்.

அடிப் பாவி. எனக்கு ஒரே ஒரு வலது பட்டி போதும் என்றேன். நீ நூறு மடித்து வைத்திருக்கிறாய், ஒன்றுகூட அனுப்பவில்லை. சரி, எதற்காக அனுப்பவில்லை என்று கேட்க மாட்டேன். பேனாவை எடுத்துவிட்டு வைத்திருப்பாய். எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வரும். அவரே நாலு பக்கமும் கயிறு கட்டி, தான் வேலை பார்த்த ஆபீஸுக்கே எடுத்துப்போகப் போகிறார். அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போவாராம். உள்ளே உன் பேத்திக்கு ஒரு முழுக்கைச் சட்டை இருக்கிறது. மஞ்சள் துணி. அளவு உன் மருமகள் ரகசியமாகக் கொடுத்தது. அவளுக்குக் கல்யாணத்தில் வந்த சின்னத் தையல் மெஷின் ஒன்று பெட்டி பிரிக்காமல் அலமாரி மேல் இருக்கிறதாம், அதையும் சொன்னாள். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கிறார்களாம். பேத்தியிடம் அன்றைக்கு இந்தச் சட்டைதான் என்று சொல்லிவிட்டார்கள். குழந்தை வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

காலர் முடித்துவிட்டேன். தோள், பாக்கெட், காஜா, பட்டன், இடது கை எல்லாம் முடித்துவிட்டேன். வலது கை மட்டும் இல்லை. வெட்டிய துண்டும் பட்டியும் மஞ்சள் நூல்கண்டும் தனியே ஒரு கவரில் இருக்கின்றன. வலது பக்கம் கைக்குழி திறந்தே இருக்கிறது.

எனக்கு இப்போது வலது கை தைக்கத் தெரியும். தெரிந்துதான் விட்டுவைத்தேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கண்ணும் விரலும் நன்றாக இருக்க வேண்டும். இதை முடித்துவிட்டு, முதல் வெட்டிலிருந்து உனக்கென்று ஒரு முழுச் சட்டையை நீ தைக்க வேண்டும், அதில் இரண்டும் வலது கையாகப் போய் நீ எனக்கு எழுத வேண்டும், நான் சிரிக்க வேண்டும். அதுவரை நான் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன். தொட்டியில் என் பீஸைப் போட்டாயிற்று. உன்னுடையதைப் போடு.

உன்,
இடக்கை